முதல் குண்டு நாக்கிலிருந்துதான்!

('போரில் கொடியது ஆயுதமா? பழிச்சொல்லா?' என்ற பட்டிமன்றத்தில், 'பழிச்சொல்லே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே, எதிரணியில் ஆயுதங்களோடு... மன்னிக்கணும், ஆதாரங்களோடு அமர்ந்திருக்கும் அன்பு நண்பர்களே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, விளம்பரம் வரும்போது மட்டும் எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிற சகோதரிகளே!

எனக்கு முன்னால பேசின எதிரணி நண்பர் ரொம்ப நல்லாப் பேசினாரு. பீரங்கியைச் சொன்னாரு, விஷவாயுவைச் சொன்னாரு, அணுகுண்டைச் சொன்னாரு. கடைசியில என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டாரு. "சொல்லு பட்டு யாராவது செத்திருக்காங்களா ஐயா? பிரேதப் பரிசோதனையில அப்படி எழுதியிருக்கா?" நீங்க எல்லாம் கை தட்டினீங்க. நானும்தான் தட்டினேன். ஆனா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போறதில்லை.

நடுவர் அவர்களே, உலகப் போருக்குப் போறதுக்கு முன்னாடி எங்க தெருவுக்கு ஒரு நிமிஷம் வாங்க. எங்க வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு சண்டை. எல்லைத் தகராறு இல்லை, குளிக்கிற தண்ணி தகராறு. அவங்க வீட்டுக் குளியல் தண்ணி எங்க வாசல் வழியா ஓடும். அன்னிக்கு எங்க அம்மா அந்த அம்மாவுக்கு ஒரு பேர் வச்சாங்க. 'சூர்ப்பனகை'. (சிரிப்பு) அதுக்கப்புறம் எங்க வீட்டுல அவங்களுக்கு வேற பேரே கிடையாது. "சூர்ப்பனகை கதவைத் திறந்துட்டா", "சூர்ப்பனகை கோலம் போடுறா". எனக்கு அப்ப ஆறு வயசு. ராமாயணக் கதை கேட்டவன். எனக்கு ஒரே சந்தேகம். மூக்கு அறுபட்டிருக்கணுமே? ஜன்னல் வழியா அந்த அம்மாவையே பார்த்துக்கிட்டு இருப்பேன். மூக்கு நல்லாத்தான் இருக்கு, மூக்குத்திகூட இருக்கு. நான் என்ன முடிவு பண்ணினேன் தெரியுமா? 'திரும்ப முளைச்சிருக்கு!' (சிரிப்பு)

சிரிச்சீங்க. ஆனா நல்லா யோசிச்சுப் பாருங்க. கண்ணு பார்த்ததை மனசு நம்பலை. ஏன்? காதுல ஒரு பேரைப் போட்டாச்சு. பட்டம் கட்டிட்டா அப்புறம் கண்ணு எதுக்கு? இதைத்தான் ஒரு வீடு செய்யுது. இதையேதான் ஒரு தேசம் செய்யுது. வீட்டுல செஞ்சா தெருச்சண்டை. தேசம் செஞ்சா பிணக்குவியல்.

முதல் உலகப் போரை எடுத்துக்குவோம். 1914. பிரிட்டன் ஒரு பக்கம், ஜெர்மனி எதிர்ப்பக்கம். பிரிட்டிஷ் பத்திரிகைகள் ஜெர்மானியனுக்கு வச்ச பேர் 'ஹன்'. அது யாருன்னு பார்த்தா, நம்ம வரலாற்றுப் பாடத்துல வர்ற ஹூணர்! ஸ்கந்தகுப்தர் போரிட்டு விரட்டினாருன்னு பரீட்சைக்குப் படிச்சோமே, அந்த ஹூணர் கூட்டம். மத்திய ஆசியப் புல்வெளியிலிருந்து குதிரையில வந்தவங்க. அவங்களுக்கும் ஜெர்மனிக்காரனுக்கும் என்னங்க சம்பந்தம்?

சம்பந்தத்தை உண்டாக்கினது ஜெர்மன் சக்கரவர்த்திதான். 1900ஆம் வருஷம் ஜூலை 27. சீனாவில் பாக்ஸர் கலகத்தை அடக்கப் போகிற படை, பிரேமர்ஹாபன் துறைமுகத்தில் நிக்குது. கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம் வழியனுப்பிப் பேசுறார். மன்னிப்புக் கொடுக்காதே, கைதி பிடிக்காதே, அட்டிலா காலத்து ஹூணர்கள் எப்படிப் பேரெடுத்தாங்களோ அப்படி நீங்களும் சீனாவில் பேரெடுங்க என்ற அர்த்தத்தில் பேசிட்டார். தவளை தன் வாயால் கெடும்! பதினாலு வருஷம் கழிச்சு அந்த வார்த்தை அப்படியே திரும்பி வந்து அவர் ஜனங்க நெத்தியில ஒட்டிக்கிச்சு. பேசினது ஒரு ராஜா. பேர் வாங்கினது ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள். அதில் ரொட்டி சுடுறவன் இருந்தான், பியானோ சொல்லிக் கொடுக்கிறவன் இருந்தான், தொட்டில்ல தூங்குற குழந்தை இருந்தது. எல்லோரும் 'ஹன்'!

சொல் போதாதுன்னு படமும் போட்டாங்க. 1917இல் அமெரிக்காவில் ஒரு சுவரொட்டி. பெரிய கொரில்லாக் குரங்கு. தலையில் முனை வச்ச ஜெர்மன் தொப்பி. ஒரு கையில் தடி, இன்னொரு கையில் கதறுகிற ஒரு பெண். இந்த வெறிபிடித்த மிருகத்தை ஒழி, படையில் சேர் என்று எழுதியிருக்கும். குரங்கைச் சுடுறதுக்கு யாருக்குங்க மனசாட்சி உறுத்தும்?

ஜெர்மனி மட்டும் சும்மா இருந்ததா? இல்லை. கடவுளே இங்கிலாந்தைத் தண்டிக்கணும்னு முத்திரை செஞ்சு கடிதாசியில குத்தினான். வெர்னர் சோம்பார்ட் என்ற பெரிய பொருளாதார அறிஞர் 1915இல் புத்தகமே எழுதினார். 'நாங்கள் வீரர்கள், ஆங்கிலேயர்கள் வெறும் கடைக்காரர்கள்' என்பதுதான் அதன் சாரம். படிச்சவன் இதில் படிக்காதவனுக்குக் கொஞ்சமும் சளைச்சவனில்லை.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்க. இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஜார்ஜ். ஜெர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்ம். இரண்டு பேரும் என்ன உறவு? விக்டோரியா மகாராணியோட மகன் வயிற்றுப் பேரன் ஒருத்தர், மகள் வயிற்றுப் பேரன் ஒருத்தர். நம்ம ஊர்க் கணக்குப்படி மாமன் மகன், அத்தை மகன்! (சிரிப்பு) இங்கிலாந்து அரச குடும்பத்தோட பேரே 'சாக்ஸ்-கோபர்க்-கோதா'. அசல் ஜெர்மன் பேர். 1917 ஜூன் மாசம் லண்டன் மேல பகல் வெளிச்சத்துல குண்டு போட்ட ஜெர்மன் விமானத்துக்கும் பேர் 'கோதா'! ராஜா என்ன செய்வார் பாவம்? 1917 ஜூலை 17ஆம் தேதி குடும்பப் பேரையே 'வின்ஸர்'னு மாத்திக்கிட்டார். ஊரெல்லாம் ஒட்டின பசை கடைசியில அரண்மனைக் கதவுலயே ஒட்ட வந்துடுச்சு!

இன்னொருத்தர் கதை நமக்கு ரொம்பப் பக்கத்துக் கதை. பிரிட்டிஷ் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பாட்டன்பெர்க் இளவரசர் லூயிஸ். சிறு வயசிலேயே பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து, அதிலேயே தலை நரைச்சவர். ஆனா பிறப்பு ஜெர்மன். ஒரே ஒரு தப்பு, பேர். பத்திரிகைகளும் மொட்டைக் கடிதாசிகளும் விரட்ட, 1914 அக்டோபரில் ராஜினாமா செஞ்சார். 1917இல் 'பெர்க்' என்ற ஜெர்மன் சொல்லை 'மவுண்ட்' என்று மொழிபெயர்த்து, 'மவுண்ட்பேட்டன்' ஆனார். ஆமாங்க! 1947இல் நம்ம நாட்டில் கடைசி வைஸ்ராயாக இருந்தாரே மவுண்ட்பேட்டன் பிரபு, அவர் இவருடைய மகன்தான். அப்பா ராஜினாமா செஞ்சப்ப அவர் பதினாலு வயசுக் கடற்படை மாணவர்.

நாயைக்கூட விடலீங்க! 'ஜெர்மன் ஷெப்பர்ட்' என்ற நாய் இனத்துக்கு அந்தப் போரை ஒட்டி இங்கிலாந்தில் 'அல்சேஷன்'னு பேர் மாத்தினாங்க. 1977இல்தான் பழைய பேரைத் திருப்பிக் கொடுத்தாங்க. நம்ம ஊரில் இன்னிக்கும் பல பேர் வாயில அது அல்சேஷன்தான். அந்த நாய் எந்தப் பட்டாளத்துல சேர்ந்து யாரைச் சுட்டுச்சு? (சிரிப்பு, கைதட்டல்) அமெரிக்காவில் முட்டைக்கோஸ் ஊறுகாய்க்கு ஜெர்மன் பேர் இருந்ததால 'சுதந்திர முட்டைக்கோஸ்'னு சொல்ல ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டுத் தட்டுல இருக்கிற கோஸுக்குச் சுதந்திரம் கொடுத்துட்டு, பக்கத்து வீட்டுக்காரன் சுதந்திரத்தைப் பறிச்சாங்க. அயோவா மாநில ஆளுநர் 1918 மே மாதம் ஆணை போட்டார். பள்ளிக்கூடத்தில், ரயிலில், பொது இடத்தில், கோயில் வழிபாட்டில், டெலிபோனில்கூட ஆங்கிலம் தவிர வேற மொழி பேசக் கூடாது! தாய்மொழியில் பிரார்த்தனை பண்ணினாலே சந்தேகம்.

இதுவரைக்கும் சிரிச்சோம். இனிமே சிரிக்க முடியாது.

1915 மே 7. லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடிச்சது. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தாங்க. கொடுமை, மன்னிக்க முடியாத கொடுமை. ஆனா அடுத்த சில நாள்ல லண்டனிலும் லிவர்பூலிலும் என்ன நடந்தது? ஜெர்மன் பேர் எழுதியிருந்த ரொட்டிக் கடைகளை ஜனங்க அடிச்சு நொறுக்கினாங்க. அதே தெருவில் வருஷக்கணக்கா ரொட்டி சுட்டவன். அவன் ரொட்டியைத் தின்னு வளர்ந்த பையன்தான் கல்லெறிஞ்சான். நீர்மூழ்கிக்கும் அந்த ரொட்டிக்காரனுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணே ஒண்ணு. இரண்டு பேரும் 'ஹன்'.

எதிரணி நண்பர் கேட்டாரே, சொல்லு பட்டு யாராவது செத்தாங்களான்னு? சொல்றேன். பேர் ராபர்ட் பிரேகர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்த தொழிலாளி. இல்லினாய் மாநிலத்தில் காலின்ஸ்வில் என்ற ஊர். அமெரிக்கக் கடற்படையில் சேரப் போனவர், உடல் தகுதி இல்லைன்னு திருப்பி அனுப்பப்பட்டவர். அந்த ஆளை 'ஜெர்மன் ஒற்றன்'னு ஊர் சொல்லிச்சு. ஆதாரம் எதுவும் கிடையாது. நூற்றுக்கணக்கானவர்கள் கூடி, செருப்பில்லாத காலோடு தெருவில் நடக்க வச்சு, 1918 ஏப்ரல் 5ஆம் தேதி நள்ளிரவு தாண்டி ஒரு மரத்தில் தூக்குப் போட்டாங்க. சாகறதுக்கு முன்னால அப்பா அம்மாவுக்கு இரண்டு வரி எழுத அனுமதி கேட்டார். பிரார்த்தனை பண்ணிக்கச் சொல்லி எழுதினார். பதினோரு பேர் மேல வழக்கு நடந்தது. பதினோரு பேரும் விடுதலை.

ஆயுதம் என்னன்னு கேட்டீங்கன்னா, ஒரு கயிறு. கயிறு எந்த ஊர்லதான் இல்லை? கயிறு எப்பவும் இருந்தது, மரமும் எப்பவும் இருந்தது. அந்த ராத்திரி புதுசா வந்து சேர்ந்தது அந்த வார்த்தை ஒண்ணுதான்.

இப்ப நண்பர் என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். "ஜெர்மனி அக்கிரமமே செய்யலையா? செஞ்சவனைச் சொன்னா தப்பா?" நியாயமான கேள்வி. ஜெர்மன் ராணுவம் 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தில் புகுந்து அக்கிரமம் செஞ்சது உண்மை. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் ஏறத்தாழ 6,500 பொதுமக்களைக் கொன்னது. லூவென் நகரத்துப் பல்கலைக்கழக நூலகத்தை, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்களோடு கொளுத்தினது. இதை உரக்கச் சொல்லணும். தேதி போட்டுச் சொல்லணும். உத்தரவு போட்டவன் யாருன்னு சொல்லணும். அது பழிச்சொல் இல்லை, குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுக்கு முகவரி உண்டு. பழிச்சொல்லுக்கு முகவரி கிடையாது. 'எல்லாரும் மிருகம்'னு சொல்லிட்டா என்ன ஆகுது? நிஜமா சுட்ட அதிகாரி கூட்டத்துல ஒளிஞ்சுக்கிறான். ரொட்டிக்காரன் மாட்டிக்கிறான்.

அதைவிடப் பெரிய கொடுமை ஒண்ணு உண்டு. 1917 ஏப்ரலில் லண்டன் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. ஜெர்மானியர்கள் போரில் செத்த தங்கள் சிப்பாய்களின் உடம்பையே காய்ச்சிக் கொழுப்பு எடுக்கிறார்கள், அதுக்குத் தொழிற்சாலையே வச்சிருக்கிறார்கள் என்று. செத்த மிருகத்தைக் குறிக்கிற ஒரு ஜெர்மன் சொல்லை மனிதப் பிணம்னு மாத்திப் படிச்ச கதை அது. உலகம் நம்பிச்சு. ஏன் நம்பாது? 'ஹன்' எதையும் செய்வானே! போர் முடிஞ்சு ஏழு வருஷம் கழிச்சு, 1925 டிசம்பரில், பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லின், அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்ற ஜெர்மனியின் மறுப்பை நாடாளுமன்றத்திலேயே ஏற்றுக்கொண்டார்.

பொய் செத்துப் போச்சுன்னு நினைக்கிறீங்களா? இல்லைங்க. இரண்டாம் உலகப் போர் வந்தது. ஹிட்லரின் ஆட்கள் யூதர்களை லட்சக்கணக்கில் கொல்றாங்க என்ற செய்தி 1942, 43இல் கசிஞ்சு வந்தது. இந்தத் தடவை அது உண்மை! அதைக் கேட்ட சில அதிகாரிகளும் பத்திரிகைக்காரர்களும் என்ன சொன்னாங்க? போன போரிலும் இப்படித்தான் பிணத் தொழிற்சாலைக் கதை சொன்னாங்கன்னு சந்தேகப்பட்டாங்க. 'புலி வருது, புலி வருது' கதை நமக்குத் தெரியும். ஆனா இந்தக் கதையில் பொய் சொன்னது ஒருத்தன், புலி அடிச்சது வேற ஒருத்தனை. (கைதட்டல்) ஒரு பழிச்சொல் எதிரியை மட்டும் கொல்றதில்லை. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு, காப்பாத்தச் சொல்லிக் கதறுறவன் குரலையும் சேர்த்துக் கொல்லுது. எந்தப் பீரங்கிக்குங்க அவ்வளவு தூரம் பாய்ச்சல்?

பட்டப்பேர் போட்ட திரை விலகினா என்ன நடக்கும்? அதுக்கும் அதே போரில் சாட்சி இருக்கு. 1914 டிசம்பர், கிறிஸ்துமஸ். பதுங்கு குழியில் எதிரும் புதிருமா கிடந்த பிரிட்டிஷ், ஜெர்மன் சிப்பாய்கள் பல இடங்களில் தாங்களாகவே வெளியே வந்தாங்க. கை குலுக்கினாங்க. சிகரெட்டும் சட்டைப் பொத்தானும் மாத்திக்கிட்டாங்க. நடுவில் கிடந்த பிணங்களைச் சேர்ந்து புதைச்சாங்க. துப்பாக்கி அங்கேயேதான் இருந்தது, தோட்டாவும் இருந்தது. ஆயுதம்தான் கொடியதுன்னா அன்னிக்கு அது ஏன் வெடிக்கலை? எதிர்ல நின்னவன் குரங்கு இல்லை, அவனும் ஒரு வீட்டுப் பிள்ளைன்னு கண்ணு பார்த்துடுச்சு. அதுக்கப்புறம் மேலதிகாரிகள் கண்டிப்பா உத்தரவு போட்டாங்க, இனிமே இப்படி நடக்கவே கூடாதுன்னு. அவங்க பயந்தது எதுக்கு? சிப்பாய் எதிரியோட பேரைத் தெரிஞ்சுக்குவானேன்னுதான்.

நம்ம சென்னைக்கும் இந்தப் போரில் ஒரு பங்கு உண்டு. 1914 செப்டம்பர் 22 ராத்திரி, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் மேல குண்டு போட்டது. உயிர்ச்சேதம் ஆச்சு. ஊரே மூட்டை கட்டி ஓடிச்சு. ஆனா நம்ம ஆளு என்ன பண்ணினான்? அந்தக் கப்பல் பேரையே எடுத்து, சாமர்த்தியசாலிக்கும் கண்டிப்பானவனுக்கும் பேரா வச்சுட்டான். "அவன் சரியான எம்டன்டா!" (சிரிப்பு) குண்டு போட்டவன்தான், ஆனா மிருகம்னு சொல்லத் தோணலை. அந்தக் கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர், பிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளைப் பத்திரமாகக் கரை சேர்த்தவர். லண்டன் பத்திரிகைகளே அவரைப் பாராட்டியிருக்கு. எதிரியை எதிரியா நினைக்கலாம். அவன் மனுஷன் என்பதை ஏன் மறக்கணும்?

கம்பனைப் படிச்சவங்களுக்கு இது புதுசு இல்லை. ராவணன் செஞ்ச குற்றத்தை ராமன் மன்னிக்கலை. ஆனா ஆயுதமில்லாம நின்னவனை இன்னிக்குப் போ, நாளைக்கு வான்னு அனுப்பினான். செத்த பிறகு தம்பியைக் கூப்பிட்டு முறைப்படி ஈமக்கடன் செய்யச் சொன்னான். அது போர். மத்ததெல்லாம் வெறி.

நடுவர் அவர்களே, மணியில் உங்க கை போறது தெரியுது. இன்னும் இரண்டே நிமிஷம்.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்க வேண்டாம். 1994, ஆப்பிரிக்காவில் ருவாண்டா. உள்நாட்டுப் போர் நடந்த நாடு. அங்கே ஒரு வானொலி நிலையம். பாட்டுப் போடும், ஜோக் அடிக்கும், நடுநடுவில் டுட்சி இன மக்களைக் 'கரப்பான் பூச்சி'ன்னு சொல்லும். தினமும் சொல்லிச்சு. நூறு நாளில் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டாங்க. பெரும்பாலும் எதால தெரியுமா? காட்டு வேலைக்கு வீட்டில் வச்சிருந்த வெட்டுக்கத்தியால. அந்தக் கத்தி வருஷக்கணக்கா புதரைத்தான் வெட்டிச்சு. பக்கத்து வீட்டுக்காரனை வெட்ட வச்சது எது? பூச்சியைக் கொன்னா பாவமில்லை என்ற அந்தச் சொல்! 2003இல் சர்வதேச நீதிமன்றம் அந்த வானொலியை நடத்தினவங்களையும், அதே விஷத்தைக் கக்கின ஒரு பத்திரிகை ஆசிரியரையும் குற்றவாளிகள்னு தீர்ப்புச் சொன்னது. பிரேதப் பரிசோதனையில எழுதியிருக்கான்னு கேட்டீங்களே நண்பரே, நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கு! (பலத்த கைதட்டல்)

கடைசியா, எங்க தெருவுக்குத் திரும்பி வந்து முடிக்கிறேன். பதினோரு வருஷம் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா எங்களுக்குச் சூர்ப்பனகைதான். ஒரு நாள் காலையில் அவங்க தவறிப் போயிட்டாங்க. சாயங்காலம் தெருமுனையில் ஒரு கரும்பலகை வச்சாங்க, 'கண்ணீர் அஞ்சலி'ன்னு எழுதி. எங்க அம்மா போய் அந்தப் பலகைக்கு முன்னால நின்னாங்க. எழுத்துக் கூட்டி அந்தப் பேரைப் படிச்சாங்க. ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க, "இவ்வளவு நல்ல பேரா அவளுக்கு?"

அதுக்கப்புறம் எங்க அம்மா அந்தச் சாக்கடைத் தண்ணியைப் பத்திப் பேசவே இல்லை. ஆனா அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லையே!

பகைவன் செஞ்ச தப்பைச் சொல்லுங்க, சண்டை போடுங்க, வழக்குப் போடுங்க. ஆனா அவன் பேரை மட்டும் அவன்கிட்டேயே விட்டு வைங்க. பேரைப் பறிச்சுட்டா அடுத்து உயிரைப் பறிக்கிறது ரொம்பச் சுலபம். ஆயுதத்தைக் கீழே வைக்க இரண்டு அரசாங்கம் உட்கார்ந்து ஒப்பந்தம் போடணும். நாக்கில் இருக்கிற வார்த்தையைக் கீழே வைக்க யாரைக் கேக்கணும்? இன்னிக்கு ராத்திரி உங்க வீட்டுச் சாப்பாட்டு நேரத்துலேயே வைக்கலாம். பிள்ளைங்க கேட்டுக்கிட்டு இருக்காங்க.

ஆகவே, போரில் கொடியது பழிச்சொல்லே என்று தீர்ப்பு வழங்க நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.